கழலாத கம்பி

பொங்கல் முடிந்த வாரத்தில் என் கிளினிக் போன் ஓயாது. "டாக்டர், உள்பக்கம் ஒட்டின கம்பி கழண்டுடுச்சு. கரும்பு கடிச்சேன்." கிளிப் சிகிச்சை முடிந்ததும் பல்லின் பின்புறம், இந்தக் கோரைப்பல் முதல் அந்தக் கோரைப்பல் வரை பல் நகராமல் பிடிக்க நாங்கள் ஒட்டிவிடுகிற ரீடெய்னர் அது. முன்பு இந்த போன் வந்தால் அலுத்துக்கொள்வேன். இப்போது நிம்மதி. கழன்றது தெரிகிறது, வருகிறார்கள். பழைய காம்போசிட் பசையைச் சுரண்டிவிட்டு மறுபடி ஒட்டினால் வேலை முடிந்தது.

என்னை மாற்றியது, கம்பி கழலவே கழலாத ஒரு பையன்.

கல்லூரியில் படிக்கும்போது என்னிடம் கிளிப் போட்டு முடித்தவன். வேலைக்கு வெளியூர் போய் ஆறு வருஷம் கழித்து அம்மாவோடு வந்தான். "கம்பி ஸ்ட்ராங்காதான் இருக்கு டாக்டர். இந்த ஒரு பல்லு மட்டும் நீளமாயிட்டே போகுது."

கீழ் இடது கோரைப்பல். பல் நீளவில்லை, ஈறு இறங்கியிருந்தது. உதட்டை விலக்கி விரலை ஓட்டினேன். வேர் முழுவதும் மேடாகத் தட்டுப்பட்டது. பல்லின் தலை உள்ளே சாய்ந்து, வேர் வெளியே தள்ளியிருந்தது. வலது கோரைப்பல் அதற்கு நேர்மாறாகச் சாய்ந்திருந்தது. ஈரத் துண்டை இரு கையால் பிழிகிற மாதிரி வரிசையே முறுக்கிக்கொண்டிருந்தது. ஆறு பல்லிலும் பசை விடவில்லை. வலியும் இல்லை. இடையில் வேறு இடத்தில் பல் கிளீனிங் செய்திருக்கிறான். காரை எடுத்து, கம்பி ஆடுகிறதா என்றும் பார்த்து அனுப்பியிருக்கிறார்கள். ஆடவில்லைதான்.

2007இலேயே பல் சீரமைப்பு ஆய்வாளர் கட்சாரோஸ் குழுவினர் இதை விவரித்து எழுதியிருக்கிறார்கள். நானும் படித்தவள்தான். என் கைவேலையில் நடக்கும் என்று நினைத்ததில்லை.

அந்தக் கம்பி பல இழைகளை முறுக்கிச் செய்வது, தடிமன் அரை மில்லிமீட்டர் அளவுதான். பல்லின் மேல் தானாகப் படிந்து உட்கார வேண்டும். ஒரு பல்லில் மயிரிழை தூக்கி நின்றால், கருவியால் அழுத்திப் பிடித்து நீல விளக்கைக் காட்டிவிடலாம். காம்போசிட் இறுகிவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே கம்பி தன் பழைய வடிவத்துக்குத் திரும்ப வருஷக்கணக்கில் இழுத்துக்கொண்டே இருக்கும். கடினமாகக் கடித்தும் கம்பி வளைந்திருக்கலாம், இழைகளின் முறுக்கு தளர்ந்திருக்கலாம். ஆனால் சாயங்காலம் கடைசி பேஷன்ட்டுக்கு நான் எப்படி ஒட்டுவேன் என்பது எனக்குத் தெரியும்.

"கம்பி இருந்தா பல்லு நகராதுன்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க?" என்றார் அம்மா.

ஆமாம், சொன்னேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டச் சொல்லியிருந்தேனா? கழன்றால் வாருங்கள் என்று மட்டும்தான் சொல்லியிருப்பேன்.

அன்றே கம்பியை அறுத்து எடுத்தேன். வேரை எலும்புக்குள் கொண்டுவர மறுபடி கிளிப். பிறகு அண்ணத்திலிருந்து திசு எடுத்து ஈறில் ஒட்ட, ஈறு நிபுணரிடம் அனுப்பினேன். கட்டணம் வாங்கவில்லை. ஈறு முக்கால்வாசி மூடியது, முழுதாக இல்லை.

எல்லாம் முடிந்து, புதுக் கம்பியை அவனுடைய பிளாஸ்டர் மாடலில் வைத்துக் கையை எடுத்துப் பார்த்தேன். இடது ஓரம் லேசாகத் தூக்கியிருந்தது. வெளியே இன்னும் மூன்று பேர் காத்திருந்தார்கள். பிளையரை எடுத்து மறுபடி வளைக்க ஆரம்பித்தேன்.