பிஷப் ஐயா எந்த ஞாயிறு வருவார்?

எடின்பரோவில் இது மூன்றாம் வருஷம். இங்கே பிரஸ்பிட்டேரியன் சபையான ஸ்காட்லாந்து திருச்சபைக்குப் போகிறோம். மகளுக்குப் பதினைந்து முடிந்தது, ஊரில் என்றால் பிஷப், அதாவது பேராயர், தலையில் கைவைத்து ஜெபித்துச் சபையில் முழு அங்கமாக்கும் திடப்படுத்தலுக்கான வயது. ஆராதனை முடிந்து வாசலில் நின்ற போதகரம்மாவிடம், "திடப்படுத்தலுக்குப் பிஷப் ஐயா எந்த ஞாயிறு வருவார்?" என்று கேட்டேன். "நமக்குத்தான் பிஷப் கிடையாதே!" என்று சிரித்தார். பக்கத்தில் நின்ற வயதான மூப்பரம்மா, "1689-லேயே சட்டம் போட்டு நீக்கியாச்சு" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

இங்குள்ள முறை எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது. போதகரும் மூப்பர்களும் கூடும் கிர்க் செஷன்தான் சபையை நடத்துகிறது. அதற்கு மேல் வட்டாரத்துக்குப் பிரெஸ்பிட்டரி, அதற்கும் மேல் திருச்சபை முழுமைக்கும் ஜெனரல் அசெம்பிளி. அதற்குத் தலைவராக மாடரேட்டர் உண்டு என்றதும் மகிழ்ந்தேன், நம் சிஎஸ்ஐ என்ற தென்னிந்தியத் திருச்சபைக்கும் உண்டே. நம்முடையவர் பேராயர்களில் ஒருவர். இவரோ ஒரு வருஷம் தலைமை வகித்துவிட்டு இறங்கிவிடுகிறார். 1966 முதல் பெண்களும் மூப்பராகலாம். நன்றாகப் பழகிவிட்டேன்.

ஆனால் அந்தக் கையை மறக்க முடியவில்லை. ஊரில் பக்கத்துச் சபைகள் சேர்ந்த எங்கள் சேகரத்துக்குப் பேராயர் வருகிறார் என்றால் கோயிலுக்கு வெள்ளையடிப்பார்கள். ஊர்ச் சபையைக் கவனிக்கும் உபதேசியார் ஒரு மாதம் விசுவாசப் பிரமாணம் சொல்லிக்கொடுப்பார். ஊர் எல்லையிலிருந்து மேளத்தோடு பவனி. திடப்படுத்தல் பெற வெள்ளைச் சேலையில் முழங்காலிட்டிருந்தோம். வழிநெடுக மாலை வாங்கி வந்த கை என் தலையில் இறங்கியபோது சம்பங்கி மணத்தது. பேராயரின் தலைமைக் கோயிலான பாளையங்கோட்டை ஊசிக்கோபுரத்தில் தூரத்திலிருந்து பார்த்தவர், எங்கள் ஊருக்கே வந்து என் பேரைச் சொல்லி ஜெபித்தார்.

தேநீர் வேளையில் மூப்பரம்மாவை நான் விடவில்லை. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோது, பிரஸ்பிட்டேரியன் வழிவந்த சபைகளும் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளோடு சேர்ந்து பேராயரை ஏற்றுக்கொண்டன, பேராயர் இல்லாதிருந்த சபைகளின் போதகர்களை மறுபடி அபிஷேகம் பண்ணச் சொல்லவில்லை என்றேன். "அப்படியா!" என்று கப்பைக் கீழே வைத்துவிட்டார்.

இதே ஊரில் ஆங்கிலிக்கன் குடும்பத்து எபிஸ்கோபல் சபைக்குப் பிஷப் இருக்கிறார். அங்கே போகலாம் என்றேன், மகள் மசியவில்லை. அவளுடைய தோழிகள் எல்லாம் இங்கேதான்.

திடப்படுத்தல் ஞாயிறு அவள் வாக்குறுதி சொன்னாள். போதகரம்மா ஜெபித்தார். மூப்பர்கள் ஒவ்வொருவராக வந்து கைகுலுக்கினார்கள். அந்த மூப்பரம்மா மட்டும் கையுறையைக் கழற்றிவிட்டு, மகளின் கையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

ராத்திரி ஊரிலிருந்து அம்மா. "எந்த பிஷப் ஐயா வந்தாவ?"

நான் பதில் தேடுவதற்குள் மகள் போனை வாங்கிக்கொண்டாள். "ஒரு ஆச்சி வந்தாவ, ஆச்சி. கை ஜில்லுன்னு இருந்துச்சு."