ஹைட்ரஜன் பங்க்: முட்டையா, கோழியா?

பங்க் இல்லாமல் வண்டியை யார் வாங்குவார்? வண்டி இல்லாமல் பங்க் யார் வைப்பார்? இந்த வழக்கை ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டே முடிக்கப் பார்க்கிறது. 2023 விதிப்படி, 2030 முடிவதற்குள் முக்கிய நெடுஞ்சாலைகளில் 200 கிலோமீட்டருக்கு ஒரு ஹைட்ரஜன் பங்க், வாயுவை 700 பார் அழுத்தத்தில் (சாதாரண காற்றழுத்தத்தைப் போல் சுமார் 700 மடங்கு) நிரப்புவதற்கு.

வரைபடத்தில் புள்ளி வைப்பது சுலபம். வேகமாக அடைத்தால் டேங்க் சூடாகும் என்று வாயுவை மைனஸ் 40 டிகிரி வரை குளிர்வித்து அனுப்புகிறார்கள். ஈரக்காற்று அடித்தால் நாசிலில் பனி படிந்து, சில நேரம் வண்டியோடு ஒட்டிக்கொள்ளும். அடுத்த வண்டிக்காரர் தேவுடு காக்க வேண்டியதுதான்!

காருக்கு பேட்டரியே போதும் என்பேன். நெடுந்தூர லாரிக்கு வேண்டுமானால் ஹைட்ரஜன், சரி. ஆனால் டைம்லர் சோதித்துவரும் லாரி கேட்பது மைனஸ் 253 டிகிரி திரவ ஹைட்ரஜனை. அப்போ அந்த 700 பார் பங்க் யாருக்கு?