காக்பிட் வார்னிங்: எப்போது கத்தும் என்பதோடு எப்போது கத்தாது என்பதையும் படியுங்கள்

கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கத்திலிருந்து ஏஎம்இ (விமானப் பராமரிப்புப் பொறியாளர்) படிக்கப் போன பிள்ளைகள் எனக்குத் தெரிந்தே சிலர் உண்டு. பெங்களூரு பக்கத்திலேயே இருக்கிறது. ஓசூரை ஒட்டிய பேளகொண்டப்பள்ளியில் ஓடுதளமும் இருப்பதால் விமானம் எங்கள் ஊர்க்காரர்களுக்கு அவ்வளவு அந்நியமில்லை. அவர்களில் பி2 லைசென்ஸுக்கு (விமானத்தின் மின்சார, எலக்ட்ரானிக் கருவிகளுக்கானது) தயாராகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணா, எல்லாம் புரியுது, இந்த வார்னிங் சிஸ்டம் மட்டும் மண்டையில ஏற மாட்டேங்குது."

ஏறாததற்குப் பாதிக் காரணம் பாடத்திட்டம். பழுதைத் திரையில் காட்டும் ஈகாம் (ஏர்பஸில்), ஐகாஸ் (போயிங்கில்) இரண்டும் மாட்யூல் 5 என்ற பாடத்தின் கடைசியில் வரும். இன்னொரு விமானத்தோடு மோதாமல் எச்சரிக்கும் டீகாஸ் மாட்யூல் 13-இல் நேவிகேஷனோடு வரும். தரை நெருங்குவதை எச்சரிக்கும் ஜிபிடபிள்யூஎஸ், இறக்கை தூக்குவிசையை இழக்கப் போவதைச் சொல்லும் ஸ்டால் வார்னிங் எல்லாம் இன்ஸ்ட்ருமென்ட் பகுதியில். தனித்தனியாகப் படித்தால் வெறும் சுருக்கப் பெயர்களாகத்தான் நிற்கும். முதலில் எல்லாவற்றையும் ஒரே நோட்டுக்குக் கொண்டு வாருங்கள். ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் மூன்று கேள்விகளை எழுதுங்கள்: பைலட் எவ்வளவு வேகமாகச் செயல்பட வேண்டும்? இது எந்த நேரத்தில் வாயை மூடிக்கொள்ளும்? இரண்டு ஒன்றாக வந்தால் எது பேசும்?

முதல் கேள்விக்கு விடை நிறத்திலேயே இருக்கிறது. சிவப்பு (லெவல் 3) என்றால் உடனே கவனி, உடனே செய். ஆம்பர் (ஆரஞ்சு கலந்த மஞ்சள்) என்றால் உடனே கவனி, அப்புறம் செய். அதற்குக் கீழே இருப்பது தெரிந்து வைத்துக்கொள்ள மட்டும். ஏர்பஸ் ஏ320-இல் சிவப்புக்கு விடாமல் அடிக்கும் மணி, ஆம்பருக்கு ஒரே ஒரு 'டிங்', அதற்கும் கீழே உள்ள ஆம்பருக்குச் சத்தமே கிடையாது. இதைப் பக்கம் பக்கமாக எழுதுவதைவிட, ஹேங்கரில் பயிற்சிக்குப் போகும்போது எஞ்சின் ஃபயர் டெஸ்ட் பட்டனை யாராவது அழுத்தும் நேரத்தில் பக்கத்தில் நின்று பாருங்கள். ஃபயர் பட்டன் சிவப்பாக எரியும், தீயணைப்பு பாட்டிலுக்கான ஸ்க்விப், டிஸ்சார்ஜ் விளக்குகள் வரும், முன்னால் மாஸ்டர் வார்னிங் மின்னும், மணி நிற்காமல் அடிக்கும். பட்டனிலிருந்து கையை எடுத்ததும் எல்லாம் அடங்கிவிடும். அதை ஒரு தடவை கேட்டவனுக்கு எது லெவல் 3 என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இரண்டாவது கேள்விதான் என்னைப் பொறுத்தவரை முழுப் பாடமும். கொஸ்டின் பேங்க்கை மட்டும் நம்பிப் படிப்பவர்கள் கோட்டை விடுவதும் இங்கேதான். ஏ320 டேக்ஆஃப் ஓட்டத்தில் 80 நாட் தாண்டியதிலிருந்து 1,500 அடி ஏறும் வரை பல ஆம்பர் எச்சரிக்கைகளை ஃப்ளைட் வார்னிங் கம்ப்யூட்டர் தானே நிறுத்தி வைக்கும். பழுது இருந்தாலும் சொல்லாது. ஏன்? அந்த வேகத்தில் சின்னப் பழுதுக்காக பிரேக் பிடிப்பது, அதோடு பறந்து போய் மேலே சரி செய்வதைவிட ஆபத்து. எஞ்சின் தீ அப்படியல்ல, அது அப்போதும் கத்தும். டீகாஸுக்கும் இதே கதைதான்: தரையிலிருந்து சுமார் 1,100 அடிக்குக் கீழே 'இறங்கு' என்று சொல்லாது, சுமார் 1,000 அடிக்குக் கீழே எந்த ஆணையும் தராது. தரை அவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது இன்னொரு விமானத்துக்குப் பயந்து கீழே இறங்கச் சொல்ல முடியுமா? காரணம் தெரிந்தால் எண் தானாக நிற்கும்.

மூன்றாவது கேள்விக்கு வரிசை இது: ஸ்டால், பிறகு விண்ட்ஷியர் (காற்றின் திடீர் மாற்றம்), பிறகு தரை (ஜிபிடபிள்யூஎஸ்), கடைசியில் டீகாஸ். இதைக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

ஜிபிடபிள்யூஎஸ் மோடுகளை 1 முதல் 5 வரை எண் வரிசையில் மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரு பயணத்தை ஓட்டிப் பாருங்கள். ஏறிய உடனே உயரம் குறைந்தால் மோடு 3, 'டோன்ட் சிங்க்'. தரை வேகமாக மேலே எழும்பி வந்தால் மோடு 2. இறங்கும் வேகம் அளவுக்கு மீறினால் மோடு 1, 'சிங்க் ரேட்', அதற்கும் மேலே போனால் 'புல் அப்'. கியரோ (சக்கரம்) ஃப்ளாப்போ (இறக்கையின் பின் மடிப்பு) போடாமல் தாழ்ந்தால் மோடு 4. ஓடுதளத்துக்கு வழிகாட்டும் ரேடியோ சரிவுப் பாதையான கிளைட்ஸ்லோப்புக்குக் கீழே போனால் மோடு 5. பழைய கருவி, ரேடியோ அலையால் உயரத்தை அளக்கும் ரேடியோ ஆல்டிமீட்டரை நம்பியது. அது நேர் கீழே மட்டும்தான் பார்க்கும், எதிரே செங்குத்தாக நிற்கும் மலையைப் பார்க்காது. அதனால்தான் நிலப்பரப்பு டேட்டாபேஸோடு ஈஜிபிடபிள்யூஎஸ் வந்தது. முதல் ஜிபிடபிள்யூஎஸ் கருவியை உருவாக்கியவர் டான் பேட்மேன் என்ற பொறியாளர். 1974 டிசம்பரில் டிடபிள்யூஏ 514 வர்ஜீனியா மலையில் மோதி 92 பேர் இறந்த பிறகு அமெரிக்கா அதைக் கட்டாயமாக்கியது.

விபத்துகளையும் அந்த நோட்டிலேயே எழுதுங்கள், மாட்யூல் 9 மனிதக் காரணிகளுக்கும் உதவும். நான் முதலில் சொல்லித்தருவது ஹீலியோஸ் 522. 2005 ஆகஸ்ட் 14, போயிங் 737, கிரீஸ், 121 பேர் பலி. பராமரிப்புச் சோதனை முடிந்ததும் கேபின் காற்றழுத்தத்துக்கான பிரஷரைசேஷன் செலக்டர் மேனுவலிலேயே விடப்பட்டிருந்தது, விமானிகளும் கவனிக்கவில்லை. மேலே ஏற ஏற, கேபினில் காற்றழுத்தம் குறைந்ததைச் சொல்லும் கேபின் உயர ஹாரன் அடித்தது. அந்த விமானத்தில் விமானம் கிளம்பச் சரியாக அமைக்கப்படவில்லை என்று சொல்லும் டேக்ஆஃப் கான்ஃபிகரேஷன் வார்னிங்குக்கும் அதே ஹாரன்தான். நம்மூர் பஸ்ஸில் கண்டக்டர் ஒரு விசில் அடித்தால் நில், இரண்டு அடித்தால் போ. இரண்டுக்கும் ஒரே விசில் என்றால் டிரைவர் என்ன செய்வார்? டேக்ஆஃப் வார்னிங் தரையில் மட்டும்தான் வரும், ஆகவே வானத்தில் கேட்டால் அது கேபின் உயரம்தான். பரீட்சை ஹாலில் உட்கார்ந்து இதைச் சொல்வது எளிது, ஆக்சிஜன் குறைந்த மூளைக்கு எளிதல்ல.

டீகாஸுக்கு இரண்டு: 1996 நவம்பர் 12-இல் சர்க்கி தாத்ரியில் நடுவானில் இரண்டு விமானங்கள் மோதி 349 பேர் பலி, அதன் பிறகுதான் இந்தியா டீகாஸைக் கட்டாயமாக்கியது. 2002-இல் ஜெர்மனியின் ஊபர்லிங்கனில் அதே போல மோதி 71 பேர். டீகாஸ் 'ஏறு' என்றது, கன்ட்ரோலர் 'இறங்கு' என்றார், ரஷ்ய விமானி கன்ட்ரோலர் பேச்சைக் கேட்டு இறங்கினார். இப்போதைய விதி தெளிவு: டீகாஸ் ஆணை வந்துவிட்டால் அதைத்தான் கேட்க வேண்டும். கருவி சரியாகக் கத்தியும் பயனில்லாமல் போனதற்கு 2010 மங்களூரு விமான விபத்து இருக்கிறது. 'புல் அப்' பல தடவை கேட்டும் இறக்கம் தொடர்ந்தது.

பரீட்சைக்குப் போகும்போது ஒன்று. தேர்ச்சிக்கு 75 சதவீதம் வேண்டும், அதனால் அரைகுறையாகப் படித்தால் நழுவிவிடும். கேள்வியில் ஈகாமா ஐகாஸா என்று முதலில் பாருங்கள். ஈகாம் பழுதோடு செய்ய வேண்டிய வேலைகளையும் திரையில் வரிசையாகக் காட்டும், செய்து முடித்த வரி மறையும். ஐகாஸ் செய்தியை மட்டும் நிறவாரியாகக் காட்டும். செக்லிஸ்ட் கையேட்டிலோ, 777 போன்றவற்றில் தனி எலக்ட்ரானிக் பக்கத்திலோ இருக்கும். நான்கு விடையில் இரண்டு சரி போலத் தெரிந்தால் பெரும்பாலும் ஒன்று ஏர்பஸுக்கு, இன்னொன்று போயிங்குக்கு.