மீன் தொட்டிக்குக் காவல்: சித்திரை முதல் ஐப்பசி வரை

தொட்டி இருப்பது பொள்ளாச்சிப் பக்கம், தென்னந்தோப்புக்குள். 10 அடி நீளம், 6 அடி அகலம், 3 அடி ஆழம். செங்கல் கட்டிப் பூசியது. அல்லிச் செடி வைக்க ஒரு ஓரத்தில் முக்காலடி ஆழத்தில் படி. உள்ளே கோய் கார்ப், கோல்டு பிஷ், கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று விட்ட கப்பி. சித்திரையில் மீன் குறைய ஆரம்பித்தது. காணாமல் போனதெல்லாம் ஆரஞ்சும் வெள்ளையும்தான்; கருப்பு மூர் என்கிற கருநிறக் கோல்டு பிஷ் ஒன்றுகூடப் போகவில்லை. மேலேயிருந்து பார்த்துப் பிடிக்கிற ஏதோ ஒன்று என்பது அதிலேயே தெரிந்தது.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரிடம் சொன்னேன். "ஏங்கண்ணு, தோப்புக்குள்ள தண்ணியக் கட்டி மீன உட்டுப்போட்டு, கொக்கு வருதுன்னா என்னத்தச் சொல்றது?" என்று சிரித்தார். மீன் வாங்கிய கடையில் வலை போடச் சொன்னார்கள். யாருக்காகப் போடுகிறோம் என்று தெரியாமல் வலை வாங்க எனக்கு மனமில்லை. அடுப்புச் சாம்பலைச் சலித்து, பொழுது சாய்ந்ததும் தொட்டித் திட்டின் மேல் தூவி வைத்தேன். காலையில் தடம் பார்க்கலாம். முன்னால் மூன்று விரல், பின்னால் நீளமாக ஒரு விரல் என்றால் கொக்கு வகை. வட்டமாக, நகம் பதியாமல் இருந்தால் பூனை. நகம் பதிந்திருந்தால் கீரி. பூனை திட்டின் மேல் நடந்துவிட்டுப் போனதோடு சரி. கொக்குத் தடம் மட்டும் நேராகப் படிக்குப் போய் நின்றிருந்தது, பக்கத்தில் வெள்ளையாக எச்சம்.

பகலில் வருவது மடையான். மண் நிறத்தில் அசையாமல் நிற்கும். பறக்கும்போதுதான் இறக்கை வெள்ளை என்று தெரியும். இருட்டின பிறகு வருவது வக்கா, குரலை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். இரண்டும் கொக்கு வகைதான், இரண்டுக்கும் கால் ஊன்ற இடம் வேண்டும். படியை இடித்துத் தள்ளி, அல்லிச் செடிகளைத் தனித்தனியாகக் கல் அடுக்கி அதன்மேல் வைத்தேன். திட்டைச் சுற்றிலும் கம்பி நட்டு, நாலு விரல் உயரத்தில் ஒரு வரிசை, ஒரு சாண் உயரத்தில் ஒரு வரிசை தங்கூசி (தூண்டிலுக்குக் கட்டும் நைலான் நரம்பு) கட்டினேன். மடையானுக்குக் கால் குட்டை, கீழ் வரிசை இல்லாவிட்டால் குனிந்து உள்ளே வந்துவிடும். செலவு குறைந்த வேலை, பலன் அதிகம். கொக்கு மட்டும்தான் தொந்தரவு என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எனக்கு மீன்கொத்தியும் இருந்தது. அது சாம்பலில் தடம் வைக்காது. தொட்டிக்கு மேலே குறுக்கே போன துணிக்கொடிதான் அதற்கு மேடை. சிறு மீன்கொத்தி அங்கே உட்கார்ந்து குறி பார்த்துத் தண்ணீரில் விழும், இரண்டு அங்குல மீனைக் கொத்திக்கொண்டு போய்க் கிளையில் அடித்து விழுங்கும். கொடியை வீட்டுக்குப் பின்னால் மாற்றினேன். அம்மாவுக்கு இன்னும் அதில் கோபம், அங்கே வெயில் விழாதாம். கொடி போனதும் வரவு குறைந்தது, நிற்கவில்லை. தங்கூசிக்கு நடுவே தாராளமாகப் புகுந்து வரும். ஆகவே வலை.

நடுவில் திருஷ்டி பொம்மையும் பழைய சிடி தட்டுகளும் தொங்கவிட்டுப் பார்த்தேன். கொஞ்ச நாள் கொக்கு தள்ளி நின்றது. பிறகு பொம்மைக்குப் பக்கத்திலேயே நின்று மீன் பார்த்தது.

வலை விஷயத்தில் கற்றுக்கொண்டது நிறைய. ஒரு அங்குலக் கண்ணுள்ள நைலான் வலையை பிவிசி குழாய்ச் சட்டத்தில் கட்டினேன். ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும்போது சட்டமே நெளிந்தது. தென்னை மட்டை ஒன்று விழுந்து வலை தண்ணீர் வரைக்கும் தொய்ந்துவிட்டது. தொய்ந்த வலை கொக்குக்கு நல்ல மேடை: மேலே நின்று கண் வழியாகவே குத்தும். மயில் வேறு. எங்கள் பக்கம் கோழியைவிட மயில்தான் அதிகம், ஒன்று வந்து உட்கார்ந்தால் பிவிசி தாங்காது. இப்போது இருப்பது ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய்ச் சட்டம், நாலு மூலையிலும் கான்கிரீட். வலை தண்ணீருக்கு மேலே ஒன்றரை அடி உயரத்தில் முறுக்கிக் கட்டியிருக்கிறது. தீனி போட ஒரு பக்கம் கீல் வைத்த கதவு.

முதல் வலையின் ஓரம் தரையில் கிடந்தது. அதில் ஒரு தண்ணீர்ப்பாம்பு சிக்கிக்கொண்டது. "அடிச்சுப்போடாதே சாமி, அது பாட்டுக்குப் போகட்டும்" என்றார் அம்மா. ஈரச் சாக்கைத் தலைமேல் போட்டுக் கத்தரிக்கோலால் வலையை வெட்டி விட்டோம். தண்ணீர்ப்பாம்புக்கு விஷம் கிடையாது, ஆனால் கடிக்கத் தயங்காது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைக் கொல்லவும் கூடாது. என்ன பாம்பு என்று உறுதியாகத் தெரியாவிட்டால் கிட்டவே போகாமல் ஆள் கூப்பிடுவதுதான் சரி. அது வந்த வழியைத் தேடினால், சுவர் ஏறி வரவில்லை. மிகுதித் தண்ணீர் வெளியேறும் குழாய்க்குள்ளே நுழைந்து வந்திருக்கிறது. குழாய் வாயில் எவர்சில்வர் சல்லடை கட்டிவிட்டேன். மழைக்காலத்தில் அதில் இலை அடைக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் வழிந்து மீன் தரைக்கு வந்துவிடும்.

வலையைவிட எனக்கு நம்பிக்கை உள்ளே இருக்கும் மறைவில்தான். கழுத்து உடைந்த மண்பானைகளும் ஆறு அங்குலக் குழாய்த் துண்டுகளும் அடியில் கிடக்கின்றன. நிழல் விழுந்தால் மீன் அடுத்த நொடி உள்ளே போய்விடுகிறது. முன்பு கொக்கு வந்துபோனால் நாள் கணக்கில் தீனிக்கு மேலே வராது. இப்போது கொஞ்ச நேரத்தில் வந்துவிடுகிறது. அல்லி இலை தண்ணீரில் பாதியை மூடினால் போதும். அதற்கு மேல் செடி அடர்ந்தால் இரவில் செடியும் ஆக்சிஜனை இழுத்துக்கொள்ள, விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கும். இரவில் ஏர் பம்ப் ஓடுகிறது.

இன்னொன்றும் கவனித்தேன். பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்காலில் எங்கள் மண்டலத்துக்குத் தண்ணீர் விட்டால் கொக்கெல்லாம் வயலுக்கும் வாய்க்காலுக்கும் போய்விடுகின்றன. தண்ணீர் நிறுத்தினால் தொட்டிப் பக்கம் கூட்டம் கூடுகிறது. அதனால் வாய்க்கால் அடைக்கும் வாரம்தான் தங்கூசியை இழுத்துக் கட்டுவதும் வலையில் கிழிசல் பார்ப்பதும்.

ஐப்பசி மழைக்குப் பிறகு கோல்டு பிஷ் முட்டையிட்டது. குஞ்சுகளுக்கு எதிரி வானத்தில் இல்லை, தண்ணீருக்குள்ளேயே இருக்கிறது: தட்டானின் இளம்புழு. சேற்றில் பதுங்கியிருந்து தாடையை நீட்டிக் குஞ்சைப் பிடிக்கும். தட்டான் முட்டையிட வருவதை ஒரு அங்குல வலை தடுக்காது. முட்டை ஒட்டிய செடியைத் தனிப் பிளாஸ்டிக் டப்பில் போட்டு, கொசுவலையை ரப்பர் வாரால் இறுக்கி மூடியிருக்கிறேன். சுண்டுவிரல் நீளம் வந்த பிறகு பெரிய தொட்டியில் விடுவதாக இருக்கிறேன்.