தெருவிளக்கடியில் ஒரு செபமாலை

வருசா வருசம் ஓகஸ்டில் கெவலார் மாதாவிடம் போய்விடுவோம். ஜெர்மனியில் இருக்கிற எங்கள் சனம் சைவம், கிறிஸ்தவ வேதம் என்று பாராமல் கூடுகிற இடம் அது. நேவிகெஸ் மாதாவிடம் போனது இந்த முறைதான், அதுவும் அம்மா கேட்டுக் கேட்டு. வூப்பெர்டாலில் எஸ் 9 ரயில் ஏறிப் போய் இறங்கினால் சின்ன ஊர், பழைய மரச்சட்ட வீடுகள், அந்தக் கூரைகளுக்கு மேலே சாம்பல் நிறத்தில் ஒரு கொங்கிரீட் மலை.

"இதுவா கோவில்?" என்றார் அம்மா. எனக்கும் பங்கர் ஞாபகம்தான் வந்தது. சொல்லவில்லை.

கோட்ஃப்ரீட் போம் வடிவமைத்து 1968இல் திறந்த கோவில். கொலோன் மறைமாவட்டத்தில் பேராலயத்துக்கு அடுத்தபடி பெரியது இதுதான். கண்பார்வை மங்கியிருந்த கொலோன் பேராயர் கர்தினால் ஃபிரிங்ஸ், கோவிலின் மாதிரியைக் கையால் தடவிப் பார்த்துத்தான் இதை விரும்பினார் என்று ஒரு கதை உண்டு. உண்மையோ என்னவோ, மடிப்பு மடிப்பாக நிற்கிற அந்தச் சுவரைக் கண்டால் எவருக்கும் கை நீளும்.

அகலப் படிகளில் மெல்ல ஏறி உள்ளே போனால் கொஞ்சம் திகைப்பு. வெளியில் நடந்துவந்த மாதிரியே கல் பாவிய தரை உள்ளேயும் தொடருகிறது, தெருவிளக்குக் கம்பங்கள் நிற்கின்றன, சுற்றிவர மாடி மாடியாகப் பலகணிகள், ஏதோ ஊர்ச் சந்தியில் நின்று வீடுகளை அண்ணாந்து பார்ப்பதுபோல. தெருவையே உள்ளே விட்டிருக்கிறார் மனுசன். நடந்து வந்த சனம் நடந்த மேனிக்கே பீடம்வரை போகலாம்.

அம்மா சுரூபத்தைத் தேடினார். இங்கே மாதா ஒரு செபப்புத்தகத்திலிருந்து எடுத்த சின்ன அச்சுப்படம். "என்னை ஹார்டன்பெர்க்குக் கொண்டுபோ" என்று 1676இல் ஒரு பிரான்சிஸ்கன் துறவிக்கு அதிலிருந்து குரல் கேட்டதாம். ஹார்டன்பெர்க் என்றால் இந்த இடம்தான். கெவலாரிலும் கடதாசிப் படம்தானே என்று அம்மா சமாதானமாகிவிட்டார்.

அப்புறம் மழை. இந்தக் கூரை பல வருசம் ஒழுகியது, கொங்கிரீட்டுக்கு மேலே ஓடோ தகடோ கிடையாது. சில வருசங்களுக்கு முன்புதான் போமின் மகன் பீட்டர் முன்னின்று, கார்பன் நார் வலை வைத்த மெல்லிய கொங்கிரீட்டால் மூடினார். நாங்கள் நனையவில்லை. யன்னல் கண்ணாடியில் இருக்கிற ரோசாப்பூக்களின் சிவப்பு மங்கிக்கொண்டு வந்தது. விளக்குக் கம்பத்தடியில் ஒரு கதிரையில் உட்கார்ந்து அம்மா செபமாலையை எடுத்தார், பக்கத்திலிருந்த ஜெர்மன் கிழவி தன் ஈரக் குடையைத் தள்ளி வைத்து இடம் விட்டார்.

ஐந்தரை ரயிலை விட்டுவிட்டோம்.