எண்பது அறை வீட்டில் ரயிலுக்கு இடமில்லை

முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். இவ்வளவு பெரிய செட்டிநாட்டு வீட்டில் மாடல் ரயில் போட இடமில்லை என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். பங்காளிகள் சிரிக்க மாட்டார்கள். முகப்பும் வளவும் (நடு முற்றம்) பொது. கல்யாணமான ஒரு புள்ளிக்கு (தம்பதிக்கு) வருவது ஒரு இரட்டை அறைதான், அதிலும் முக்கால்வாசி ஆச்சியின் (மனைவியின்) சீர் சாமான்.

காரைக்குடி வீடு ஒன்றில் பேரன் இந்த ஆசையைச் சொன்னதும் ஐயா, "வளவுல போடப்பா, எம்புட்டு இடம் கெடக்கு!" என்றார். மேலே திறந்த வானம். மழை, தூசி, குருவி மூன்றும் இலவசம். அடுத்த விசேஷத்துக்குப் பந்தி போடும்போது மொத்த ரயில்வேயையும் சுருட்டவும் வேண்டும். ஆக, அறைதான்.

அறை என்று ஆனபின் எச்ஓ (HO) மாடல் அளவை (1:87, அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு) மறந்துவிடலாம். அதன் சின்ன வளைவுக்கே ஆரம் 360 மி.மீ. பக்கம் வரும். அதைவிடச் சின்ன ‘N’ அளவுதான் (1:160, தண்டவாள அகலம் 9 மி.மீ.) கட்டுப்படியாகும். அடித்தளத்துக்கு இரண்டரை அடி அகலம், ஆறே முக்கால் அடி உயரமுள்ள ஃப்ளஷ் கதவு ஒன்று போதும். உள்ளே அட்டைக்கூடு வைத்த ரகம் என்றால் ஒரே ஆள் தூக்கலாம். அப்பச்சி (அப்பா) பர்மா தேக்குக் கதவைக் காட்டினார். நாலு பேர் பிடிக்கணும், மேலெல்லாம் கொத்து வேலை. யாளி முதுகில் ரயில் ஓட்ட முடியாது.

கணக்கு இவ்வளவுதான். கேட்டோ (Kato) நிறுவனத்தின் யூனிட்ராக் தண்டவாளத்தில் வெளிச்சுற்று ஆரம் 315 மி.மீ., உட்சுற்று 282. வெளிச்சுற்றின் விட்டம் 630, பாதையின் அகலம் 25, இரு ஓரமும் ஐம்பது ஐம்பது விட்டால் 755. கதவின் அகலம் 762. நீளவாக்கில் பக்கத்துக்கு 248 மி.மீ. நேர்த்துண்டு ஐந்து, முனைக்கு 45 டிகிரி வளைவு நான்கு. கதவில் ஒரு சாண் கூட மிச்சமில்லை.

"போட் மெயிலை முழுசா ஓட்டு" என்பது ஐயாவின் அடுத்த உத்தரவு. எல்எச்பி (LHB) ரகப் பயணிகள் பெட்டி ஒன்று இந்த அளவில் 147 மி.மீ. 22 பெட்டி கோத்தால் மூன்றேகால் மீட்டர். சுற்றோ நாலரை மீட்டர்கூட இல்லை. வண்டி தன் வாலைத் தானே துரத்தும். நாலு பெட்டி, ஒரு இன்ஜின், அவ்வளவுதான் மரியாதை. மேம்பாலம் வைத்து எட்டுப் போடும் ஆசையையும் விட்டுவிடலாம்: கீழே வண்டி போக 50 மி.மீ. ஏறணும், நூற்றுக்கு இரண்டு ஏற்றத்தில் அதற்கு மட்டுமே இரண்டரை மீட்டர் ஓட்டம் வேண்டும்.

கதவின் மேல் நிலமாகப் போடும் தெர்மாகோலை வெள்ளைப் பசையால்தான் ஒட்ட வேண்டும். ரப்பர் பசை தொட்டால் நிலம் கரைந்து குளமாகிவிடும். மின் இணைப்பை ஒரே இடத்தில் கொடுத்தால் எதிர்ப்பக்கத்தில் வண்டி சோர்ந்து நடக்கும். சுற்றுக்கு இரண்டு இடத்திலாவது கொடுங்கள்.

பிளாட்பாரத்தில்தான் பலரும் மாட்டுவது. நேர்ப்பாதையில் பாதை நடுவிலிருந்து 12 மி.மீ. தள்ளி விளிம்பு வைத்தால் பெட்டி அழகாக ஒட்டி நிற்கும். அதே விளிம்பை வளைவுவரை இழுத்தால் போச்சு. வளைவில் பெட்டியின் நடு வயிறு மூன்றரை மி.மீ. உள்ளே சாயும், முனைகள் ஐந்து மி.மீ. வெளியே நீளும். முதலில் சர்ரென்று ஒரு சத்தம், பிறகு கைப்பிடிப் பெயின்ட் காலி, அப்புறம் கடைசிப் பெட்டி மல்லாக்க. வளைவு தொடங்க 75 மி.மீ. இருக்கும்போதே பிளாட்பாரத்தை நிறுத்துங்கள்.

தடம் புரள்வது எப்போதும் சுவரோர மூலையில்தான். கை எட்டும் தூரம் 70, 75 செ.மீ., கதவின் அகலமே அவ்வளவு. நாலுகால் ஸ்டாண்டில் சக்கரம் வைத்து வெளியே இழுக்கும்படி செய்யுங்கள். சுவரில் பிராக்கெட் அடிக்கலாமே என்று யாரும் யோசிக்க வேண்டாம். முட்டை வெள்ளைக்கரு போட்டுப் பூசிய சுவரில் டிரில்லை வைத்தால் அப்பத்தா ஆளையே வெளியே வைத்துவிடுவார்.

ஸ்டேஷன் பெயரில்தான் கடைசிச் சண்டை. அப்பத்தாவுக்குக் கல்லல், ஐயாவுக்குச் செட்டிநாடு, ஆச்சியின் பிறந்த வீட்டாருக்குத் தேவகோட்டை ரஸ்தா. இடம் ஒரு ஸ்டேஷனுக்குத்தான். பெயர்ப்பலகையை ஒட்டாமல் 2 மி.மீ. பள்ளத்தில் செருகி வையுங்கள். யார் அறைக்குள் வருகிறார்களோ, அவர்கள் ஊர்ப் பலகையை மாட்டிக்கொள்ளலாம்.