பாஸ்டோனில் வந்த வாழ்த்துக் கடிதம்

டிசம்பர் வந்தால் நான் தேடி எடுத்துப் படிக்கும் கடிதம் ஒன்று உண்டு. ஒரே ஒரு தாள். இரண்டாம் உலகப் போரின்போது, 1944 டிசம்பர் 24 அன்று, பெல்ஜியத்தின் பாஸ்டோன் நகரில் முற்றுகைக்குள் சிக்கியிருந்த அமெரிக்க வீரர்களுக்கு பிரிகேடியர் ஜெனரல் ஆந்தனி மெக்காலிஃப் எழுதிய கிறிஸ்துமஸ் வாழ்த்து.

அப்போது அங்கே நிலைமை படுமோசம். நாலாபுறமும் ஜெர்மானியர். 19-ம் தேதி இரவே கள மருத்துவமனை எதிரி கையில் போய்விட்டது. காயம்பட்டவர்கள் தரையில் கிடந்தார்கள். பீரங்கிக் குண்டுகளை எண்ணி எண்ணிச் சுட்டார்கள். மூடுபனி விலகி, விமானங்கள் பாராசூட்டில் சரக்குப் போட்டதே 23-ம் தேதிதான்.

இந்த நேரத்தில் வாழ்த்துச் சொல்லிவிட்டு அவர் எழுதிய முதல் வரி, ஏறக்குறைய இப்படி: "இதில் என்ன மகிழ்ச்சி இருக்கிறது என்று கேட்கிறீர்களா? சண்டை போடுகிறோம், குளிர்கிறது, வீட்டில் இல்லை. எல்லாம் உண்மைதான்."

இந்த இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுவேன். எனக்குக் கஷ்டம் வந்தபோதெல்லாம் தைரியம் சொன்னவர்கள் "ஒன்றும் ஆகாது" என்றுதான் ஆரம்பித்தார்கள். அதைக் கேட்டதுமே என் காது அடைத்துக்கொள்ளும். பதுங்குகுழியில் விறைத்துக் கிடந்தவன் மனசுக்குள் முணுமுணுத்ததை மெக்காலிஃப் அவனுக்கு முன்பே எழுத்தில் ஒப்புக்கொண்டார். அதற்குப் பிறகு சொன்னதை அவன் நம்பியிருப்பான். வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என்று எங்கிருந்து வந்தவனையும் தடுத்து நிறுத்திவிட்டோம் என்றார். எதிரில் நிற்பது நான்கு பான்சர் டிவிஷன் (டாங்குப் படைப்பிரிவு), இரண்டு காலாட்படை டிவிஷன், ஒரு பாராசூட் டிவிஷன் என்று கணக்கும் கொடுத்தார்.

22-ம் தேதி சரணடையச் சொல்லி வந்த ஜெர்மன் ஓலைக்கு அவர் கொடுத்த "நட்ஸ்!" என்ற ஒற்றைச் சொல் பதில் எல்லோருக்கும் தெரியும். தமிழில் சொன்னால் "போடா!" என்பதுதான் கிட்டத்தட்டச் சரி. ஆனால் அந்த ஓலையை அவர் மறைக்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிது. இரண்டு மணி நேரக் கெடு, மறுத்தால் பீரங்கியால் அழித்துவிடுவோம் என்ற மிரட்டல், எல்லாவற்றையும் வாழ்த்துக் கடிதத்திலேயே முழுசாகப் போட்டு, கீழே தன் பதிலையும் போட்டார். எதிரி என்ன சொன்னான் என்று தெரிந்துகொள்ளும் உரிமை கடைசிச் சிப்பாய்க்கும் உண்டு என்று நினைத்த மனுஷன்.

இன்னொன்று. பாஸ்டோனில் அவர் தலைமையில் நின்ற 101-வது வான்வழி டிவிஷனின் நிரந்தரத் தளபதி அவர் இல்லை. தளபதியான ஜெனரல் மாக்ஸ்வெல் டெய்லர் அமெரிக்கா போயிருந்ததால் பொறுப்பை ஏற்றிருந்தவர். பாஸ்டோனை விடாமல் பிடித்திருப்பதற்கு டெய்லர் நம்மைப் பார்த்து "சபாஷ்" என்பார் என்று எழுதினார். பாராட்டைத் தன் வாயால் சொல்லாமல், ஊரில் இல்லாத தளபதிக்கு விட்டுக்கொடுத்தார்.

அன்றிரவே ஊர்மேல் குண்டு விழுந்தது. கிறிஸ்துமஸ் விடியலில் ஜெர்மன் டாங்குகள் மேற்கிலிருந்து உள்ளே புகுந்தன, முறியடிக்கப்பட்டன. 26-ம் தேதி மாலை, முற்றுகையை உடைக்க வந்த அமெரிக்க ஜெனரல் பேட்டனின் படையிலிருந்து முதல் டாங்கு தெற்கிலிருந்து வந்து சேர்ந்தது. மறுநாள் டெய்லரும் வந்துவிட்டார்.